மூன்று மணிப் பதிவு

ஷிஃப்ட் இன்சார்ஜ் பொன்ராஜ் சார் ரிஜிஸ்டரைத் திறந்து நேற்று இரவின் பக்கத்தில் விரலை வைத்தார்.

காலை ஆறே முக்கால். என்னை உட்காரச் சொல்லவில்லை.

மேஜையில், கேட் காவலாளி பெனிட்டோ விழுந்து கிடந்த இடத்தில் எடுத்த பொருட்கள் இருந்தன. டார்ச், அடையாள அட்டை, பேப்பரில் சுற்றிய டீக்கடை பன் ஒன்று. பன்னில் எறும்பு ஏறியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவருடைய விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்தேன்.

மற்றவர்கள் அந்த ரிஜிஸ்டரில் 'ஓகே' என்று எழுதுவார்கள். நான் வாக்கியம் எழுதுவேன்.

நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன். கதை எழுதக் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. திருவொற்றியூர் நூலகத்தில் எடுத்த புத்தகங்கள், போனில் பார்த்த வீடியோக்கள், அவ்வளவுதான். அதிலிருந்து பொறுக்கிய விதிகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழாவது விதி: காட்சி நம்பும்படி இல்லையென்றால் அதற்குள் உயிருள்ள ஒன்றைக் கொண்டுவந்து வை.

மணலியில் இந்த அமோனியா யார்டில் எனக்கு இரவு வேலை. நான் பம்ப் ஷெட்டில், பெனிட்டோ கேட்டில். மணிக்கு ஒரு முறை நான் யார்டைச் சுற்றி வந்து எழுத வேண்டும். அரை மணி கழித்து அவன் சுற்ற வேண்டும். கிளம்பும் முன் முந்தின ஆள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அது இங்கே சட்டம்.

ஒரு கதையின் கடைசிப் பத்தி எனக்கு வரவில்லை. அதனால் நான்கு இரவுகளாக யார்டுக்குள் போகவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து கதை எழுதினேன். மணி ஆனதும் ரிஜிஸ்டரிலும் எழுதினேன்.

நேற்று மூன்று மணிக்கு எழுதியது இது: 'நான்காம் பம்பின் அடியில் நாய் தூங்குகிறது. காலடி கேட்டு ஒரு காதை மட்டும் தூக்கியது. வாடை இல்லை.'

மூன்றரைக்கு பெனிட்டோ வந்தான். ராயபுரத்துக்காரன். தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நேற்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். யார்டிலேயே கிடக்கும் அந்த நாய்க்கு டேங்கர் என்று பெயர் வைத்தவன் அவன்தான். அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவன் விரல் வைத்து அடிக்கும் விசிலுக்கு மட்டும்தான் அது எழுந்து வரும். நான் கூப்பிட்டால் மதிக்காது.

நான் எழுதியதைப் படித்துச் சிரித்தான்.

"இன்னா மாமு, அப்பலேந்து காணோமேன்னு தேடினேன், நான் இல்லாம நல்லா தூங்கிகினு கீறான் போல. இரு, எழுப்பி பன்னு குடுத்துட்டு வரேன்."

பத்து நிமிடத்தில் சைரன் அடித்தது. நான்காம் பம்பில் கசிவு.

இப்போது அவன் ஐசியூவில் இருக்கிறான்.

பொன்ராஜ் சார் தூத்துக்குடிப் பக்கம். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும். இப்போது தாழ்ந்திருந்தது.

"கேமராவுல பாத்தேன். வாடை அடிச்சதும் மாஸ்க்கப் போடுதான். சரி. வெளிய ஓடி வரணும்லா? உள்ள ஓடுதான். நாலாம் பம்புகிட்ட நின்னு, போட்ட மாஸ்க்க அவனே கழட்டுதான். வாயில ரெண்டு வெரல வைக்கான். வாந்தி வந்துச்சோ என்னமோ. அப்படியே விழுதான்."

அவர் விரல் மூன்று மணி வரிக்கு வந்து நின்றிருந்தது.

"இந்த நாயத் திங்கக்கெழமையே கார்ப்பரேஷன் வண்டி புடிச்சிட்டுப் போயிட்டு. போன் போட்டதே நாந்தாம்ல. நேத்து ராத்திரி நீ பாத்தது எந்த நாய்?"

மேஜையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். பன் இருந்ததால் கையை வைக்கவில்லை. போலீஸ் வரும், ஷெட்டிலிருந்து நோட்டையும் கதையையும் எடுப்பார்கள், நான்கு இரவுத் தேதிகளும் அதில் இருக்கின்றன என்று நினைத்தேன். பெனிட்டோவை நினைக்கவில்லை.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ சுத்தவே போவலன்னு தெரிஞ்சா என் சீட்டும் கிழியும்." அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழித்தார். "புதுப் பக்கத்துல எழுது. நாயே வேண்டாம். எல்லாரையும் போல ஓகேன்னு போடு. பொறவு இன்னொரு பேப்பர்ல ரிப்போர்ட். அவனே மாஸ்க்கக் கழட்டினான், அலட்சியம். நீதான் நல்லா எழுதுவியே."

எழுதினேன். வரிசையாக ஓகே போட்டேன். பெனிட்டோவின் வரிகளையும் நானே எழுதினேன். பிறகு ரிப்போர்ட். வாக்கியம் தடுமாறவில்லை. நான்கு இரவாக வராத ஓட்டம் வந்தது. 'அலட்சியம்' தன் இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஒரு அடித்தல்கூட இல்லை.

கீழே கையெழுத்துப் போடுவதற்குள் போன் அடித்தது. பெனிட்டோவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த எங்கள் ஷிஃப்ட் ஆள் ஃப்ரெடி. பொன்ராஜ் சார் நாலைந்து முறை 'சரி' என்றார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

"கண்ணு முழிச்சிட்டானாம்."

நான் பேனாவை இறுக்கிப் பிடித்தேன்.

"ஒரே கேள்வியத்தான் திரும்பத் திரும்பக் கேக்கானாம். டேங்கர் வெளிய வந்திச்சா, டேங்கர் வெளிய வந்திச்சான்னு." அவர் நெற்றியைச் சுருக்கினார். "நேத்து ராத்திரி உள்ள ஒரு லாரிகூட கெடையாதேல. எந்த டேங்கரக் கேக்கான்?"

"தெரியல சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன்.