வெறுந்தலைச் சிலை

தலைவர் பிறந்த வீட்டைப் பார்க்க வந்த கூட்டத்தோடு முப்பிடாதியும் முற்றத்துக்கு வந்தாள். சின்ன வயதில் அதே முற்றத்தில் அவரோடு கிட்டிப்புள் ஆடியவள் அவள். புதிதாக வைத்திருந்த வெண்கலச் சிலையில் தலைவர் பத்து வயதுப் பையனாக, வெறுந்தலையோடு நின்றார்.

"இங்கதான் கிட்டிப்புள் ஆடுவாரு. பறந்து வந்த புள்ளு ஒண்ணைக்கூட அவர் கோட்டை விட்டதில்ல" என்றார் வழிகாட்டி.

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. பத்து வயதில் ஒருநாள், அவள் அடித்த புள்ளைப் பிடித்துவிட்டேன் என்று சாதித்துத்தான் அவன் அவளை அவுட்டாக்கினான். பிள்ளைகள் எல்லாரும் அவன் பேச்சையே நம்பினார்கள். மறுநாள் நெற்றி மறையத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவன், சாகும்வரை அதை அவிழ்க்கவில்லை. நாடே அதைக் கொள்கை என்று கொண்டாடியது.

அவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்ச் சிலையின் நெற்றியைத் தடவினாள். வீட்டார் சொன்ன அடையாளம் எதையும் சிற்பி விடவில்லை. இடது புருவத்துக்கு மேலே, புள்ளின் முனையளவுக்கு ஒரு தழும்பு விரலில் தட்டுப்பட்டது.

"ஏய்யா, கையில பிடிச்சவனுக்கு நெத்தியில எப்படிய்யா காயம் வரும்?" முற்றம் அதிர்ந்தது. "நான் அவுட்டே இல்ல! இன்னும் என் ஆட்டந்தான்!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வேம்பில் ஒரு கொப்பை ஒடித்துக் கிட்டியும் புள்ளுமாக முறித்தாள். குதிகாலால் மண்ணில் குழி பறித்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்தபடி, பின்னால் பின்னால் போனார்கள்.