இரண்டாவது தொப்பி

சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி.

வெளியே தூறல். டிராவல்ஸ் அலுவலகத்தின் சுவர் முழுக்க வெயில். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு, வெள்ளை வீடுகள், கண் கூசும் நீலம்.

அந்தப் படத்தைப் பார்த்தபடி பஸ் டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு வைக்கோல் தொப்பி. வரும் வழியில் வாங்கியது. நசுங்கிவிடும் என்று பையில் போடவில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் தேதி கேட்டாள்.

டிரைவர் தயாராக வந்திருந்தார். முதல் வாரம் மனைவி. அவள் கிளம்பும் நாளில் அவர் போய்ச் சேர்வார். இரண்டாம் வாரம் அவர். அறை ஒன்றே போதும். ஹோட்டல் வாசலில் சாவியை மாற்றிக்கொள்வார்கள்.

"சாவியும் தொப்பியும்," என்றாள் மனைவி.

அந்தப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

டிரைவர் சிரித்துவிட்டார். சொந்தக்காரர்கள் இத்தனை வருஷமாகக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். எந்தக் கல்யாணத்துக்கும் ஒருவர்தான் போவார், மற்றவர் வீட்டில். யாருடைய ஆல்பத்திலும் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் கிடையாது.

ஒருமுறை பக்கத்துத் தெரு தியேட்டரில் ஒரே சினிமாவை முன்பாதி அவரும் பின்பாதி அவளும் பார்த்தார்கள். இடைவேளையில் தியேட்டர் வாசலில் நின்று கதையைச் சொல்லி அனுப்பினார். அதன் நாயகன் நல்லவனா கெட்டவனா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

சண்டையெல்லாம் இல்லை. இந்தத் திட்டத்தையும் ஒரு வாரமாகச் சமையலறையில் உட்கார்ந்து சேர்ந்துதான் போட்டார்கள். எந்தக் கரையில் கல், எந்தக் கரையில் மணல் என்று அவள் முதலில் பார்த்துவைப்பாள். எதுவரை கால் நிலைக்கும் என்றும். அவருக்கு நீச்சல் தெரியாது. வெயிலுக்குப் பூசும் களிம்பில் பாதியைக் குளியலறை அலமாரியில் விட்டுவருவாள்.

அதில் ஏதாவது குறை இருப்பதாக இருவருக்கும் தோன்றவே இல்லை. பாதி வழியில் டிரைவர் மாறினாலும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது விநோதமாகக் கேட்டது.

டிரைவர் விளக்கினார். பையனுக்கு வலிப்பு. நாலு வயதிலிருந்து. பெரும்பாலும் தூக்கத்தில் வரும். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து, வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரியின் முன்பாதி அவர், பின்பாதி அவள்.

மாறும்போது அறைக் கதவருகே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். ஒண்ணுமில்ல. அதைவிடப் பிரியமாக இருவரும் எதையும் சொல்லிக்கொண்டதில்லை. அதை அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண் தலையாட்டினாள். வழி கண்டுபிடிப்பதுதானே அவள் தொழில். பையனையும் கூட்டிப் போகலாமே, அறையில் இன்னொரு கட்டில் போடச் சொல்கிறேன் என்றாள்.

அவன் வரமாட்டான் என்றாள் மனைவி. அவசரமாக, கொஞ்சம் பெருமையாகவும். போன மாதம் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். புது மருந்து. கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனி தனியாகப் படுக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கூடத் தங்கியிருக்கும் நண்பனுக்கும் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறது. இந்தத் தீவு யோசனையே அவனுடையதுதான். எங்கேயாவது போய்வாருங்கள் என்று போனில் உயிரை எடுத்தான்.

"அப்ப வீட்டுல இப்ப யாருங்க இருக்கா?"

மனைவி டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

டிரைவர் சுவரிலிருந்த கடலைப் பார்த்தார்.

நேற்று இரவும் முன்பாதி முழுக்க அவர் பையனின் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு போய் அவளை எழுப்பினார். அவள் வந்து உட்கார்ந்தாள். விரித்த மெத்தை, மடிப்புக் கலையாத போர்வை. கதவருகே அவர் ஒண்ணுமில்ல என்றுகூடச் சொன்னார்.

அந்தப் பெண் ஹோட்டல் அறையின் படம் இருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தாள்.

டிரைவர் இரண்டு பேருக்கும் ஒரே தேதி போடச் சொன்னார். பிறகு மனைவியின் மடியைப் பார்த்து, இன்னொரு தொப்பி வாங்க வேண்டும் என்றார்.

அவள் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் கண் திரையிலேயே இருந்தது. ஒரு ஜன்னல். ஜன்னல் நிறையக் கடல். ஒரு பெரிய கட்டில், இரண்டு தலையணைகள்.

பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, அங்க ராத்திரி ரெண்டு பேருமே தூங்கிடலாமா?"