பூட்டு விழாத கத்தி
கோப்பெங் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் வாசற்படியில் உட்கார்ந்து, பத்துமலை தன் மடக்குக் கத்தியின் விரித்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறான். ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டிக் கட்டியே பூட்டின் பல் தேய்ந்துபோன கத்தி அது. காலையில் கயிறு அறுக்கையில் மடங்கி விரலைக் கிழித்துவிட்டது. வழிகிற எண்ணெய் விரல்கட்டில் மஞ்சளாகப் பரவுகிறது. எதிரே ரம்ப மெஷின் ரப்பர்ப் பால்மரங்களை அறுத்துச் சாய்க்கிறது. சாய்ந்த இடமெல்லாம் வெயில் வெள்ளையாய் விழுகிறது.

"தேஞ்ச பல்லு எண்ணெ ஊத்துனா மொளைச்சிருமா?" என்கிறாள் அவன் மனைவி செல்லாயி.

"இறுகிக் கெடக்கு, அவ்வளவுதான்லா. புதுக் கன்னு நடுறப்ப என்னையத்தானே கூப்பிடுவாங்க."

"நடப்போறது செம்பனை. அதுக்கு ஏது ஒட்டு? இப்ப ஊத்துற எண்ணெயே அதுலேர்ந்து வந்ததுதான்."

அவன் கத்தியை விரிக்கிறான். ரம்பம் நிற்கிறது. அந்த அமைதியில், பூட்டு விழும் 'டக்' சத்தத்துக்காகக் கத்தியைக் காதருகே பிடித்துக்கொண்டிருக்கிறான். அலகு சத்தமே இல்லாமல் மடங்கிக்கொள்கிறது.