பச்சை விழுந்த ஜாடி

தேங்காய் வாசனை அடிக்கும், தேங்காய் இல்லை. பச்சைப் பசேலென்று இருக்கும், இலை இல்லை. அழைக்காமல் வந்து வீட்டுக்காரரையே விரட்டிவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

ஷலாபா மலைச்சரிவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: காளான் ஜாடியில் பிடிக்கிற பூஞ்சை.

அங்கே எட்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்து காளான் வளர்க்கிறார்கள். வேகவைத்த சோளத்தைக் கண்ணாடி ஜாடியில் நிரப்பி, காளான் விதை போட்டு மூடிவைப்பார்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தால் பிழைப்பு நடக்கும். பச்சை விழுந்தால் ஜாடியைத் திறக்காமலே கொதிக்கவைத்துக் கொட்டவேண்டியதுதான். மூன்று முறை பச்சை விழுந்த வீட்டுக்குக் குழுவில் இடமில்லை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் ரெமேதியோஸ். அவள் வீட்டில் இந்த வருஷம் ஒரு பச்சைப் புள்ளிகூடக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் டிசம்பர் விருந்தில் முதல் அடி. மிட்டாய் நிரப்பிக் கயிற்றில் தொங்கவிடும் பினாத்தாவைக் கம்பால் அடித்து உடைப்பார்களே, அந்த அடி. மகள் சுலேமா ஒரு வாரமாகத் துடைப்பக் கட்டையை வீசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

விருந்து இன்று சாயங்காலம். அதற்கு முன் கடைசிச் சோதனை.

காலையில் ரெமேதியோஸ் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, சுலேமாவையும் கூட்டிக்கொண்டு எர்மெலிந்தாவின் வீட்டுக்குப் போனாள். எர்மெலிந்தா குழுவுக்குப் புதிது. ஏற்கெனவே இரண்டு முறை பச்சை.

"கையக் காட்டு."

"கழுவிட்டேன் தோன்யா ரெமேதியோஸ். தோலே உரிஞ்சு போச்சு, பாருங்க."

"கை சரி, கண்ணு எங்க போச்சு? ஈர மக்காச்சோளக் கதிரக் கொண்டுவந்து ஜாடிக்கு மேலயா கட்டித் தொங்கவிடுவே? பூஞ்சைக்கு நீயே ஊஞ்சல் போட்டுக் குடுத்திருக்கியே!"

"அய்யோ, யாருமே சொல்லலையே!"

"இப்ப சொல்லியாச்சு. எல்லாத்தையும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போடு."

எர்மெலிந்தா கதிர்களை அள்ளிக்கொண்டு ஓடினாள். ரெமேதியோஸ் ஒவ்வொரு மூடியாக மோந்து பார்த்தாள். வாசலில் நின்ற சுலேமா பார்த்துக்கொண்டே இருக்கும்போது, சிவப்பு மூடி போட்ட ஒரு ஜாடி அம்மாவின் சால்வைக்குள் போனது.

"என்ன முழிக்கிறே? போ, அவ வர்றாளான்னு பாரு."

திரும்பும் வழியில், வரும்போது கனமாக இருந்த பை அம்மாவின் கையில் காலியாக ஆடியது. சுலேமாவுக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, அது அவங்க ஜாடி!"

"தெரியும்."

"அப்ப, திருட்டு!"

"இன்னும் சத்தமா சொல்லு. சந்தையில இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

சுலேமா நடந்துகொண்டே யோசித்தாள். நம் வீட்டு ஜாடிகள் இத்தனை நாள் வெள்ளையாக இருந்ததும் இப்படித்தானா? அன்று மத்தியானம் அவள் துடைப்பக் கட்டையைத் தொடவில்லை.

சாயங்காலம் எல்லாரும் ஜாடிப் பெட்டிகளோடு கோயில் முற்றத்தில் கூடினார்கள். குழுவுக்கே சோளம் வேகவைக்கும் பெரிய குக்கருக்குப் பொறுப்பான தோன் ஃபிதென்சியோ, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜாடிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார்.

"எர்மெலிந்தா... எட்டும் வெள்ளை!"

எர்மெலிந்தா பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள்.

"ரெமேதியோஸ்... ஆறு வெள்ளை, ஏழு வெள்ளை..." எட்டாவது ஜாடியை அவர் இரண்டு தடவை சாய்த்தார். "அடியில பச்சை."

முற்றமே வாயைப் பிளந்தது. ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டில் ரெமேதியோஸின் பெயர். மூடி சிவப்பு.

"சட்டம் போட்ட வீட்டுக்கே வந்துடுச்சா!" என்று பக்கத்து வீட்டு சோலெதாத் தொடையைத் தட்டிச் சிரித்தாள். "இனிமே எங்க நகத்த யாரு வந்து பாக்கப்போறா?"

"ஏன், எங்க வீட்டுல என்ன மாதாவா குடியிருக்கா? எல்லா வீட்டுலயும் வர்றதுதான்" என்றாள் ரெமேதியோஸ். அவள் மகள் பக்கம் திரும்பவே இல்லை.

சுலேமா சிவப்பு மூடியைப் பார்த்தாள். காலையில் காலியாகத் திரும்பிய பை நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எர்மெலிந்தாவைப் பார்த்தாள். தலைக்கு மேலே பினாத்தா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பிள்ளைகள் ஏற்கெனவே வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

தோன் ஃபிதென்சியோவுக்கு மனசு ஆறவில்லை.

"ரெமேதியோஸ் கை சுத்தம் ஊருக்கே தெரியும். வேற யாரோ அழுக்குக் கையோட ஜாடிய எடுத்திருக்கணும். சுலேமா, யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, சுலேமா வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.