துணைக்கு வந்தவர்

வாசகர் முதலில் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காவல் நிலையத்தில் அடைத்துவைக்கக் கூடாது. அவரை விசாரிக்கும் அதிகாரி சீருடையில் இருக்கவும் கூடாது. இது முதற்செய்தி. பிடிபட்ட இளையவருக்குத் துணையாக அருகில் அமர்வதற்குத் தன்னார்வலர் ஒருவர் வரலாம். இஃது இரண்டாவது.

புதுச்சேரியில் ஒரு காவல் நிலையம். திருட்டு வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றபோது பிடிபட்டவன் கோபிநாத். அவனிடமிருந்த கம்பெனி அட்டை, வயது பத்தொன்பது என்றது. முகம் அவ்வாறு சொல்லவில்லை.

ஐயம் தீரும்வரை இருக்கட்டும் என்று உதவி ஆய்வாளர் சக்கரபாணி சீருடையைக் களைந்து, கட்டம் போட்ட சட்டைக்கு மாறினார். ரெட்டியார்பாளையத்திலிருந்து தன்னார்வலர் நிர்மலாவையும் வரவழைத்தார்.

மகன் பிடிபட்டதையும், சேவை செய்பவர் ஒருவர் அவனுக்குத் துணையாக வந்திருப்பதையும் கேட்டறிந்த தாய் தனக்கொடி, மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

அறையில் இருவர் இருந்தனர். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக விறைப்பாய் அமர்ந்திருந்த ஒரு பெண். கோபிநாத்திடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆண். போலீஸ் யார், துணைக்கு வந்தவர் யார் என்பதைத் தனக்கொடி அந்தக் கணமே முடிவுசெய்துகொண்டார்.

முடிவு தலைகீழ்.

“பையனுக்கு என்ன வயசும்மா?” நிர்மலாவின் குரலில் ஈரமில்லை.

“பத்தொம்போது முடிஞ்சிருச்சிங்க மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“பெத்தவளுக்குத் தெரியாதா? கார்டப் பாருங்க, போட்டிருக்கு.”

“சரி. பத்தொம்போதுன்னா சாயங்காலம் கோர்ட்டு. அப்புறம் காலாப்பட்டு ஜெயிலு. பதினெட்டு ஆகாத பசங்கன்னா பெத்தவங்ககூடவே வீட்டுக்கு அனுப்பலாம். உங்க புள்ளதான் பெரிய மனுஷராச்சே! பத்தொம்போதுன்னே எழுதிக்கட்டுமா?”

தனக்கொடியின் முகம் வெளிறியது. கோபிநாத் நிர்மலாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சக்கரபாணிக்குப் பொறுக்கவில்லை. நிர்மலாவின் பக்கம் சாய்ந்து, “மேடம், நீங்க தொணைக்கு வந்தீங்களா, மெரட்ட வந்தீங்களா? நாங்களே இப்படிப் பேச மாட்டோம்” என்றார் மெதுவாக.

“நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு ஊருக்கே தெரியும் சார்.”

அவருக்குச் சுருக்கென்றது. கூடவே ஓர் ஐயமும் எழுந்தது. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முத்துவேல் சற்று முன்னர்த்தான் தொலைபேசியில் அழைத்திருந்தான். “பையன் பத்தொம்போதுதான் சார். மாத்திக் கீத்தி எழுதிடாதீங்க” என்று குழைந்திருந்தான். இந்த அம்மையாரையும் அவன் வளைத்துவிட்டானோ?

அதற்குள் தனக்கொடி அவர் கையைப் பற்றினார். “அண்ணே, நீங்கதான சேவைக்கு வந்தவரு? இந்தப் பொம்பள போலீசு பார்வையே சரியில்ல. கொஞ்சம் வெளிய வாங்கண்ணே.”

“அம்மா, நான் வந்து...”

“போங்க சார்! இங்க நின்னுக்கிட்டு எங்க வேலையக் கெடுக்காதீங்க!” என்று நிர்மலா அதட்டினார்.

தம் நிலையத்திலிருந்தே தம்மை ஒருவர் விரட்டுவது சக்கரபாணிக்கு அதுவே முதன்முறை. தனக்கொடியுடன் வெளியே நடந்தார்.

வாசலில் தனக்கொடியின் கண்கள் நிறைந்தன.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. புள்ளைக்குப் பதினேழுதான். ஆடி வந்தாத்தான் பதினெட்டு. வேலையில சேக்கணும்னு முத்துவேல்தான் ரெண்டு வயசு கூட்டிப் போட்டுக் குடுத்தான். வெளிய தெரிஞ்சா பொய்க் கார்டு கேசுல மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்கன்னான்.”

“இத ஏம்மா உள்ள சொல்லல?”

“அவகிட்டயா? என்னையும் சேத்து உள்ள தள்ளிட மாட்டா? நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா போலீசு கேக்குமா?”

சக்கரபாணி தம் கட்டம் போட்ட சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“கேக்கும்மா. கண்டிப்பா கேக்கும். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்னு மட்டும் சொல்லு.”

திரும்பி வந்த அவரிடம் வெற்றிப் பெருமிதம் இருந்தது. “பதினேழு மேடம்! அன்பாப் பேசினா உண்ம தானா வருது. நீங்க இன்னும் கத்துக்கணும்.”

“கத்துக்கறேன் சார்” என்றார் நிர்மலா.

பின்னர் உறுதியான செய்திகள் இவை:

கோபிநாத்தின் வயது பதினேழே என்று பள்ளியில் உறுதிசெய்தனர். அன்று மாலையே அவன் தாயுடன் வீடு சென்றான். வண்டி குறித்த விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில் நடைபெறுகிறது.

பொய் அட்டைக்காக வழக்குப் பதிவானது முத்துவேல்மீது, தனக்கொடிமீது அல்ல.

தாம் மீன் விற்கும் சாரம் பகுதியில் நிர்மலா தென்பட்டால், “போலீசுக்காரி வரா” என்று முணுமுணுத்துத் தனக்கொடி இன்றும் மீன் கூடையை மூடிவிடுகிறார். நிர்மலா இதுவரை மறுத்ததில்லை.

கோபிநாத்தின் உண்மை வயதை, தனக்கொடி வருவதற்கு முன்பே நிர்மலா அறிந்திருந்தார். “அம்மாவப் புடிச்சிடுவாங்க, நீங்க சொல்லிடாதீங்க” என்று அவன் அழுதபோது, தம் வாயால் சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.