அப்பாசாமி வாசித்த சேதி

அப்பாசாமி பொய் வாசிக்கிறார் என்பது, நான் விடுதலையாகி மலாக்காவுக்குத் திரும்பிய மறுநாளே தெரிந்துவிட்டது.

ஊருக்குள் காஜா பெராங் பகுதியில் அவருடைய சலவைக் கடை. வேலை முடிந்த முனிசிபல் ஆட்கள் மாலை ஐந்து மணிக்கு அங்கே கூடுவார்கள். அவர்களில் யாருக்கும் எழுத்து தெரியாது. அப்பாசாமி இஸ்திரி மேசையில் தமிழ்ப் பத்திரிகையை விரித்து உரக்க வாசிப்பார்.

அந்தப் பத்திரிகையோடுதான் எனக்குச் சண்டை. ரோடு பெருக்குகிறவரோ, ரப்பர்ப் பால் வெட்டுகிறவரோ, அதில் எல்லாரும் 'கூலி'தான். வெள்ளைக்காரன் அப்படி எழுதினால் திமிர் என்போம். தமிழன் தமிழில் எழுதினால் என்னவென்று சொல்வது?

'தொழிலாளி என்று எழுது' என்று துண்டறிக்கை அடித்தேன். கூட்டம் போட்டேன். பத்திரிகைக்கு நாற்பது கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதிலில்லை. ஐம்பத்து மூன்றில் அவசரகாலச் சட்டத்தில் என்னைப் பிடித்துப் போனார்கள். மூன்று வருடம் உள்ளே இருந்தேன்.

திரும்பி வந்த அன்று பஸ் நிலையத்தில் எங்கள் சங்கத்து மருதமுத்து காத்திருந்தான்.

"அந்த வார்த்தை இப்பல்லாம் நம்ம ஆளுங்க காதுல விழறதே இல்லண்ணே" என்றான்.

பத்திரிகை திருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் வீண் போகவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மறுநாள் மாலை கடைக்குப் போய் அப்பாசாமிக்குப் பின்னால் நின்றேன்.

"லோரி கவிழ்ந்து தொழிலாளர்கள் மூவர் காயம்" என்று வாசித்தார்.

அவர் விரலுக்குக் கீழே அச்சில் இருந்தது, 'கூலிகள் மூவர் காயம்.'

அடுத்த சேதியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

பொய்யான வெற்றியைப்போலக் கேடு வேறில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நம்பியவன் மறுபடி எழுந்து நிற்க மாட்டான். பத்திரிகையைப் பிடுங்கி எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன். இதில் உங்களுக்கு இன்னும் கூலி என்றுதான் பெயர், இந்த மனிதர் மூன்று வருடமாக உங்களை ஏமாற்றியிருக்கிறார் என்று உடைத்துச் சொன்னேன்.

அப்பாசாமி இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் காலரைத் தேய்க்கத் தொடங்கினார்.

"வாயில்லையா உங்களுக்கு?" என்றேன்.

"வாசிக்கிறவன்தான் நான். கேக்கிறவங்க பதில் சொல்லட்டும்" என்றார்.

ரோடு பெருக்கும் பொன்னம்மா எழுந்தார். எனக்கு அக்கா வயது.

"எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார். "பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்க. வீட்டுல வாசிச்சுக் காட்டாமலா இருக்கும்?"

தெரிந்துமா இந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

"அவரா பொய் சொன்னாரு? உங்களைப் பிடிச்சுட்டுப் போன மறுநாளு, எப்பவும்போல உள்ளது உள்ளபடி கூலின்னுதான் வாசிச்சாரு. நாங்க அத்தனை பேரும் எழுந்து போயிட்டோம். மூணு நாளு ஒரு ஆளு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நாலாம் நாளு அவரே வீடு வீடா வந்து கூப்பிட்டாரு. தொழிலாளின்னு வாசிக்கிறதா இருந்தா வர்றோம்னோம். அன்னையிலேருந்து ஒரு நாளு அவரு தவறினதில்ல. நாங்களும் விட்டதில்ல."

என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, மேசையில் விரித்து, அப்பாசாமி பக்கம் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க வர்ற வரைக்கும் போராட்டத்தை யாராச்சும் நடத்தணும்ல, தம்பி?"