வேலியோரத்துச் செடி

"ஏனுங்க, அந்தச் செடியெல்லாம் புடுங்கியாச்சுங்களா?" மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த யோகப்பிரியா கேட்டாள்.

முதலமடை மாந்தோப்பிலிருந்து நேராகக் கோவை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பூபதிராஜா தலையாட்டினார்.

"வேலியோரம் ஒண்ணு உடாம வேரோட புடுங்கித் தீ வெச்சுட்டேன். ஆடுகூட வாய் வெக்காத செடி. சுடுகாட்டுல பூக்கறது நம்ம தோப்பு வேலியில பூத்தா, புள்ளைக்கு ரத்தப் புத்துநோய் வராம என்ன பண்ணும்?"

தன்விகாவின் கைக்குள் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. போன வாரம்வரை எழுந்து உட்காராதவள், இன்று காலை தோசை கேட்டிருந்தாள்.

அவள் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பினார். "எந்தச் செடிங்க?"

"சுடுகாட்டுப் பூங்க. ஊதாவா, அஞ்சு இதழு இருக்கும்."

"நித்தியகல்யாணியா!" டாக்டரம்மா மேலே தொங்கிய மருந்துப் பையைக் காட்டினார். "இது வின்கிரிஸ்டின். அந்தச் செடியோட இலையில இருந்து பிரிச்சு எடுக்கறதுதாங்க. ஒரு சிட்டிகை மருந்துக்கு லாரி லாரியா இலை வேணும். வீட்ல அரைச்சு மட்டும் குடுத்துராதீங்க, அப்படியே சாப்பிட்டா விஷம்."

பூபதிராஜா ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தார். அடுத்த சொட்டையும் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் தோப்புக்குப் போனதும் கரிந்த வேலியோரம் முழுக்கத் தேடினார். மோட்டார் ரூமுக்குப் பின்னால், அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு செடி பூத்து நின்றது.

குடத்தில் தண்ணீரோடு அதனருகே போனவர், சட்டென்று நின்று, செருப்பைக் கழற்றினார்.